தாட்சண்யத்திற்கும் ஓர் எல்லைக்கல்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நமக்குத் தமிழ்ப் பேச்சைக் காதால் கேட்பதே ஒரு செல்வம். சென்னையிலிருந்து தில்லி செல்லும் வண்டி எங்கள் நிலையத்தில் நிற்கும் சில நிமிடங்களில், யாரோ ஒருவர் சன்னல் வழியே, "சீக்கிரம் வாங்கிட்டு வாப்பா, வண்டி கிளம்பிடும்" என்று கூவுவது காதில் விழும். அவரை முன்பின் அறியோம். இனிக் காணப்போவதும் இல்லை. ஆயினும் மனம் குளிர்ந்துவிடுகிறது. அப்படியிருக்க, ஒரே அலுவலகத்தில் அடுத்த நாற்காலியில் நம் சீமைக்காரர் ஒருவரே வந்து அமர்ந்தால் அந்த மகிழ்ச்சிக்கு அளவு உண்டோ?

இந்த மகிழ்ச்சியைப் பற்றி நம்மவர் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நெருக்கம் உரிமையாகி, உரிமை வற்புறுத்தலாகி, வற்புறுத்தல் ஓயாத தொல்லையாகும்போது நல்ல மனிதன் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. நாலு தமிழ்க் குடும்பங்களே உள்ள இடத்தில், அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுவது எப்படி என்ற கூச்சமே காரணம். அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நான் கண்டறிந்ததை எழுதுகிறேன். நண்பரின் பெயரோ, நிலையத்தின் பெயரோ இதில் வராது. ஒருவரைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பிறகு இலாகாத் தேர்வு எழுதி டிக்கெட் குமாஸ்தா ஆனேன். மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரில் தாயார் என்று நான்கு ஜீவன்கள் என் ஒருவன் சம்பளத்தை நம்பி இருக்கின்றன. எனக்கு வேறு சொத்து இல்லை. இந்த உத்தியோகமும் இதில் எடுத்த நல்ல பெயருமே சொத்து.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தார் அந்த நண்பர். எங்கள் பக்கத்துத் தாலுகாக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதல் நாளே நான் அவரை "அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைத் "தம்பி" என்றார். குவார்ட்டர்ஸும் அடுத்தடுத்த வரிசையில் அமைந்தது. அவர் வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுச் சீடை அவர் வீட்டுக்குப் போகும். என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு ரயில்வே மருத்துவமனையில் கிடந்தபோது, இரண்டு இரவு கண்விழித்து நானும் மனைவியும் சோர்ந்துபோனோம். மூன்றாம் இரவு அவர் வந்து, "நீங்கள் இருவரும் போய்ப் படுங்கள், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, விடியும்வரை ஸ்டூலில் அமர்ந்திருந்தார். அந்த இரவை நான் மறக்கவில்லை. இனி எழுதப்போவதைப் படிப்பவர்களும் அதை மறக்கக் கூடாது என்பதற்காகவே முதலில் எழுதினேன்.

அவர் கேட்கத் தொடங்கியவை முதலில் சிறியவை. மாதக் கடைசியில் ஐந்நூறு, ஆயிரம். "உன் மதினிக்கு உடம்பு சரியில்லை, என் டியூட்டியை நீ பார், ஞாயிற்றுக்கிழமை உனக்கு நான் பார்க்கிறேன்" என்னும் மாற்று. இவை உத்தியோகஸ்தர்களுக்குள் சகஜம். மேற்பார்வையாளரிடம் சொல்லி அனுமதி பெற்று டியூட்டி மாற்றிக்கொள்வதில் பிழை ஒன்றும் இல்லை. கைம்மாற்றைப் பொறுத்தவரை, திரும்பி வராவிட்டாலும் வீடு ஆட்டம் காணாத தொகை எதுவோ அதுவரை கொடுத்தேன். பெரும்பாலும் திரும்பி வந்தது. சில தடவை வரவில்லை. அதை நான் கணக்கில் வைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மாலை கைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் வர ஒரு மணி நேரம் ஆகும். என் ஐடியைப் போட்டு என் கவுண்டரையும் நீயே திறந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிரு. யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.

இதன் கனம் ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. கவுண்டரில் அமரும் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனி எண்ணும் இரகசியச் சொல்லும் உண்டு. எந்த எண்ணில் டிக்கெட் வெளியானதோ, அந்த எண்ணுக்கு உரியவரே அந்தப் பணத்திற்குப் பொறுப்பு. டியூட்டி முடிவில் கணக்கைக் காட்டிலும் பணம் குறைந்தால் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடினாலும் கேள்வி உண்டு. டியூட்டியில் அமருமுன் சட்டைப் பையில் உள்ள சொந்தப் பணம் எவ்வளவு என்பதைக்கூடப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட்டுவிட்டே அமர்கிறோம். கண்காணிப்புப் பிரிவினர் முன்னறிவிப்பு இன்றி வந்து பெட்டியையும் பையையும் எண்ணிப் பார்ப்பார்கள். ஒருவர் எண்ணில் மற்றொருவர் அமர்ந்திருந்தார் என்று தெரிந்தால் இருவர் வேலைக்கும் ஆபத்து.

"அண்ணாச்சி, அது மட்டும் முடியாது. மேற்பார்வையாளரிடம் நீங்கள் தாமதமாக வருவீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். என் கவுண்டரில் கூட்டத்தை நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்றேன். வருத்தத்தோடு போனை வைத்தார்.

மற்றொரு நாள் நேரிலேயே வந்தார். "பெட்டியிலிருந்து நாலாயிரம் எடுத்துக் கொடு. வாசலில் ஆள் நிற்கிறான். எட்டு மணிக்குள் வைத்துவிடுகிறேன்" என்று காதோடு சொன்னார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வாசலில் நின்றவன் வட்டிக்காரனின் ஆள் என்பதும் தெரிந்தது. ஆயினும் பெட்டியில் இருப்பது என் பணம் அன்று. அவருக்கு நான் கடன்பட்டிருந்தாலும் அரசாங்கத்தின் பணத்தால் அதைத் தீர்க்க முடியாது. இழுப்பறையைப் பூட்டிவிட்டு, "என் பணமாக இருந்தால் யோசிக்கலாம். இது என் பணம் இல்லை, அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

இவ்விரண்டையும் மறுப்பது எளிது. விதி நம் பக்கம் நிற்கிறது. விதியைச் சுட்டிக் காட்டினால் நட்பும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். விதி எதுவும் தடுக்காத, நம் விருப்பத்தை மட்டுமே பொறுத்த ஒன்றை மறுப்பதுதான் கடினம். அப்படி ஒன்றும் வந்தது. ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நாலு லட்ச ரூபாய் கடன் வாங்க விண்ணப்பம் போட்டிருந்தார். ஊழியர் இருவர் ஜாமீன் கையெழுத்து இட வேண்டும். அவர்களுள் ஒருவன் நான் என்று அவராகவே முடிவு செய்து, படிவத்தில் என் பெயரை எழுதியே கொண்டுவந்துவிட்டார்.

ஜாமீன் கையெழுத்தை நம்மவர் பலர் ஒரு மரியாதை என்று நினைக்கிறார்கள். "கையெழுத்துத்தானே, காசா கேட்கிறார்?" என்பார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், வேறு வகையாக எழுதிக்கொள்ளாவிட்டால் கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் நின்றவனுக்கும் அவ்வளவு பொறுப்பு என்று வரையறுக்கிறது. கடன்காரனைத் துரத்தி அலுத்த பிறகே ஜாமீன்தாரனிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1968-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பீகார் வங்கி வழக்கில் இதனைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜாமீன்தாரன் கட்டிய பணத்தைப் பிறகு கடன்காரனிடம் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் கடன் கொடுத்தவருக்கே கட்ட முடியாதவர், நமக்கு மட்டும் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நின்ற ஜாமீனை, இனிவரும் தொகைகளைப் பொறுத்து, அறிவிப்புக் கொடுத்து நிறுத்திக்கொள்ள 130-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரே தடவையாக வாங்கி முடித்த கடனுக்கு இட்ட கையெழுத்தை, மனம் மாறிவிட்டது என்று சொல்லித் திரும்பப் பெற வழி இல்லை.

சட்டத்தைப் படித்து நான் இதை அறியவில்லை, வீட்டில் அறிந்தேன். என் தகப்பனார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் கடன் வாங்க ஜாமீன் நின்றார். அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்லர், தங்கமான மனிதர். ஆனால் எட்டாம் மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய மனைவியிடம் போய்க் கேட்க என் தகப்பனாருக்கு நா எழவில்லை. அம்மாவின் சங்கிலி போயிற்று. பிறகு கம்மல் போயிற்று. நான் பத்தாம் வகுப்போடு நின்றதற்கும் அந்தக் கையெழுத்து ஒரு காரணம். தகப்பனார் அதற்காக அந்த நண்பரை ஒரு நாளும் ஏசியதில்லை. "அவன் நல்லவன். நல்லவனுக்கும் சாவு உண்டு என்பதை நான் நினைக்கவில்லை" என்பார்.

ஆதலால் ஜாமீன் மறுப்பது நண்பனை நம்பாமை அன்று. நல்லவர்களுக்கும் நோய் வருகிறது; மரணம் வருகிறது; வேலைக்கு இடர் வருகிறது. கையெழுத்து இடுகிறவன் நண்பனின் குணத்திற்கு மட்டும் பொறுப்பேற்கவில்லை. அவனுடைய விதிக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கிறான். நானும் மனைவியும் திருமணமான ஆண்டிலேயே பேசி வைத்துக்கொண்ட ஒரே நியதி இது: யாருக்கும் ஜாமீன் நிற்பதில்லை, யாரையும் நமக்கு ஜாமீன் நிற்கச் சொல்வதும் இல்லை.

அதை அண்ணாச்சியிடம் முதல் நாளே சொன்னேன். "நான் யாருக்கும் ஜாமீன் கையெழுத்து இடுவதில்லை, அண்ணாச்சி. உங்களுக்கு என்று இல்லை, யாருக்கும் இல்லை. வேறு எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றேன்.

ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் வற்புறுத்தும் மனிதரோடு பழகாதவர்கள். பதினொரு நாள் நடந்தது அது. தேநீர் வேளையில் கேட்டார். நடைமேடையில் உடன் நடந்துகொண்டே கேட்டார். இரவு பத்தரை மணிக்கு வாட்ஸாப்பில், "இரண்டு நிமிடம் பேசலாமா தம்பி" என்று செய்தி வரும். வேறொரு குமாஸ்தாவைத் தூது விட்டார். "உன் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கணக்குப் பார்த்தேனா?" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. கடைசியில், "தமிழனுக்குத் தமிழன் உதவாவிட்டால் இந்த ஊரில் வேறு யார் உதவுவான்?" என்றார்.

இந்தப் பதினொரு நாளில் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். இக்கட்டுரையில் சொல்ல வந்ததும் அதுவே. மறுப்புக்குப் புதுப்புதுக் காரணம் சொல்லக் கூடாது. "இப்போது கையில் நெருக்கடி" என்றால், "கையெழுத்துக்குக் காசு எதற்கு?" என்பார். "எனக்கே கடன் இருக்கிறது" என்றால், "சங்கத்தில் விசாரித்துவிட்டேன், உன் பேரில் கடன் இல்லை" என்பார். "அம்மாவைக் கேட்க வேண்டும்" என்றால், "நானே அம்மாவிடம் போனில் பேசுகிறேன்" என்பார். ஒவ்வொரு காரணமும் அவர் தள்ளித் திறக்கக்கூடிய ஒரு கதவு. ஆகவே முதல் நாள் சொன்ன அதே வாக்கியத்தை, அதே சொற்களில், குரலை உயர்த்தாமல் பதினொரு நாளும் சொன்னேன். "நான் யாருக்கும் ஜாமீன் இடுவதில்லை, அண்ணாச்சி." காரணம் கேட்டபோது, "இது எங்கள் வீட்டு நியதி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். காரணத்தோடு வாதாடலாம், நியதியோடு வாதாட இயலாது.

நம் ஊர்ப்பக்கம் "பார்க்கலாம்" என்று ஒரு சொல் உண்டு. இல்லை என்பதை நாசூக்காகச் சொல்ல அதை வழங்குகிறோம். கேட்பவன் நெருக்கடி இல்லாதவனாக இருந்தால் அது அவனுக்குப் புரியும். கடனில் மூழ்குகிறவனுக்குப் "பார்க்கலாம்" என்பது ஒரு கயிறு. அதைப் பற்றிக்கொண்டு அவன் வேறு வழி தேடாமல் இருந்துவிடுவான். அவனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உபகாரம், தெளிவாக "இல்லை" என்று சொல்லி அவனுடைய காலத்தை வீணாக்காமல் இருப்பது.

என் மனைவிக்கும் சோதனை வந்தது. அண்ணாச்சியின் மனைவி ஒரு பிற்பகல் வந்து, கண்ணீரோடு பேசியிருக்கிறார். என் மனைவி அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "அக்கா, கையெழுத்து விஷயத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அவர் சொன்னதுதான் நானும் சொல்வேன். வேறு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். வற்புறுத்துகிறவர் கணவனிடம் முடியாததை மனைவியிடமும், மனைவியிடம் முடியாததைத் தாயாரிடமும் சாதிக்கப் பார்ப்பது இயல்பு. வீட்டில் இரண்டு குரல் இருந்தால் நண்பருக்கும் துன்பம், வீட்டுக்கும் துன்பம்.

"வேறு என்ன செய்யலாம்" என்று கேட்டது வாய்ப்பேச்சுக்காக அன்று. பன்னிரண்டாம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். திரும்பத் தர வேண்டாம் என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். "உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுவோம், அண்ணாச்சி. எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வழி பார்ப்போம். வேண்டுமானால் நலப்பணி இன்ஸ்பெக்டரிடமும் உங்களோடு வருகிறேன்" என்றேன். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள், ஊழியன் ஓயாத கடனாளி ஆகாதபடி தன் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று கூறுகின்றன என்பதையும், காலம் கடந்தால் வேலைக்கே கேடு வரலாம் என்பதையும் மெல்ல நினைவூட்டினேன். அவர் அன்று கேட்கும் நிலையில் இல்லை. பணத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவி அதை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு இரண்டு மாதம் எங்களுக்குள் அலுவலகப் பேச்சு மட்டுமே இருந்தது. "கணக்கு முடிந்ததா?" "முடிந்தது." அவ்வளவுதான். குழம்பும் சீடையும் நின்றுபோயின. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நம்ம ஆளுக்கு நீ கையெழுத்துப் போட மறுத்துவிட்டாயாமே?" என்று கேட்டார். "ஆம், ஐயா. யாருக்குமே போடுவதில்லை" என்றேன். அண்ணாச்சியின் கடன் விவரம் ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை. என்னை நியாயப்படுத்திக்கொள்ள அவருடைய மானத்தை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. எல்லை வகுக்கிறவன் வாய்க்கும் ஓர் எல்லை வேண்டும்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் அளித்தது நான் அன்றாடம் பார்க்கும் ஒரு பொருள். இரண்டு ரயில் பாதைகள் ஒன்றாகச் சேரும் இடத்தில், அவற்றுக்கு நடுவே வெள்ளையடித்த ஓர் எல்லைக்கல் இருக்கும். எங்கள் இலாகாவில் அதனை 'ஃபவுலிங் மார்க்' என்பார்கள். அந்த அடையாளத்திற்கு உள்ளடங்கி நிற்கும் வண்டிக்குப் பயம் இல்லை. அடுத்த பாதையில் எத்தனை வேகமாக வண்டி வந்தாலும் அது உரசாமல் போய்விடும். அதைத் தாண்டி ஒரு பெட்டியின் மூலை நீட்டிக்கொண்டிருந்தாலும் வருகிற வண்டி அதை இடித்துவிடும். இரண்டு பாதைகளும் பகைமை உடையவை என்பதற்காக அந்தக் கல்லை நடவில்லை. சேரப்போகிற பாதைகள் என்பதற்காகவே நட்டார்கள். ஒன்றையொன்று நெருங்காத பாதைகளுக்கு அந்தக் கல்லே தேவை இல்லை. மனிதர்களுக்கும் இது பொருந்தும். முகம் தெரியாதவனிடம் நமக்கு எல்லைச் சிக்கல் எழுவதில்லை. நெருங்கியவர்களிடமே எழுகிறது.

திருவள்ளுவர் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இந்நாளில் அச்சொல்லை நோக்கு என்ற பொருளில் வழங்குகிறோம். அவர் கூறியது பழகினவர்பால் கண் இரங்குதல், அதாவது தாட்சண்யம். அந்த 58-ஆம் அதிகாரம் பொருட்பாலில், ஆட்சிக் கடமைகளைக் கூறும் அரசியலுக்கு இடையே அமைந்திருக்கிறது. கடமை சிதையாமல் இரக்கம் காட்டுவதையே அங்கே அவர் போற்றுகிறார். மேலும், பழைய நண்பர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுக்கச் சொல்லும் பழைமை என்னும் அதிகாரம் 81-ஆவது. அதற்கு முந்தியது நட்பாராய்தல். அடுத்தது தீ நட்பு. உரிமையைப் பொறுத்தலுக்கு முன்னும் பின்னும் இந்த இரண்டையும் காவல் நிறுத்தியிருப்பது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. தாட்சண்யத்தை விட்டுவிட வேண்டுவதில்லை. அதற்குக் காவல் வேண்டும்.

அண்ணாச்சி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். சங்கக் கடன் கிடைக்கவில்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதியை எடுத்தார். ஊரில் இருந்த மனையை விற்றார். வட்டிக்காரன் வாசலுக்கு வருவது நின்றது. இதில் என் பங்கு ஒன்றும் இல்லை, அவரே கரையேறினார். நான் கையெழுத்து இட்டிருந்தால் அந்த மனையை விற்க அவருக்கு மனம் வந்திருக்குமா என்பதை நான் அறியேன்.

சென்ற ஆண்டு மதினிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. செய்தி அறிந்தவுடன் மேற்பார்வையாளரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்து டியூட்டியை மாற்றிக்கொண்டேன். பகலில் என் மனைவி மருத்துவமனையில் இருந்தாள். அவர்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். இரவில் வார்டு வாசல் பெஞ்சியில் அண்ணாச்சியோடு நான் இருந்தேன். மருந்து வாங்க, டாக்டரைக் கூப்பிட, அவர் சற்றுக் கண்ணயர, ஓர் ஆள் வேண்டுமே. ஐந்து இரவு. நான்காம் இரவு அவராகவே, "உனக்கு என் மேல் கோபம் இல்லையா தம்பி?" என்று கேட்டார். "உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒருநாளும் இருந்ததில்லை, அண்ணாச்சி" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. என் மகளுக்காக அவர் விழித்த இரவுக்குக் கைம்மாறு, இன்னோர் இரவே. நாலு லட்சத்துக்கான கையெழுத்து அதற்கு ஈடு என்று நான் எண்ணியிருந்தால், அவருடைய அன்பை நான் விலைபேசியவன் ஆவேன்.

பழைய நெருக்கம் முழுவதும் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். குழம்பு மறுபடி வருகிறது. முன்போல் அடிக்கடி வருவதில்லை. அவர் பேச்சில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எல்லைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் என்னிடம் இப்போது எதையும் மறைத்துப் பேசுவதில்லை. நானும் அவர் எதிரே வருவதைக் கண்டு வேறு வழியாகப் போகவேண்டிய நிலையில் இல்லை. ஜாமீன் நின்று பணம் கட்டியவனும், கட்ட வைத்தவனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூசி வாழ்வதை ரயில்வே குடியிருப்புகளில் நான் பார்த்திருக்கிறேன். "கடன் அன்பை முறிக்கும்" என்று கடைகளில் எழுதித் தொங்கவிட்ட அந்தப் பலகை விளையாட்டுக்கு எழுதியது அன்று.

ஒவ்வோர் ஆண்டும் தேர்வாணையங்கள் வழியாக நம் பிள்ளைகள் பலர் வடக்கே வருகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இந்தி பாதி புரியும், பாதி புரியாது. கையில் முதல் சம்பளம். அன்பாகப் பேசுகிறவர் எவரோ அவரே உறவு. முதல் ஆறு மாதத்திற்குள் எவராவது ஒரு படிவத்தை நீட்டுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு நாம் தங்க இடம் காட்டுகிறோம். பொங்கலுக்கு அழைத்துச் சோறு போடுகிறோம். அதோடு மூன்று செய்திகளையும் சொல்லி வைக்க வேண்டும். உன் ஐடியும் உன் பணப்பெட்டியும் எவருக்கும் இரவல் இல்லை. திரும்பி வராவிட்டாலும் மனம் கலங்காத தொகையை மட்டும் கைம்மாறாகக் கொடு. படித்துப் புரியாத தாளிலும், வீட்டாரைக் கலக்காத தாளிலும் கையெழுத்து இடாதே.

புதிதாக வந்தவர்களை வரவேற்கும் கூட்டத்தை நம் சங்கம் நடத்தும்போது இதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கலாம். பேச வேறு ஆள் கிடைக்காவிட்டால், டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து நானே வருகிறேன்.